இடது பக்கத்துச் சீட்டு

எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் என் பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் நிமிஷம் என்றால்தான் தபால்காரருக்கே அடையாளம் தெரியும். லிஃப்ட் ரிப்பேர் செய்ய வந்த ஆள் ஒரு மணி நேரம் மாங்கு மாங்கென்று உழைத்ததாகச் சொன்னபோது, "அதுல பன்னிரண்டு நிமிஷம் போன் பேசினீங்க" என்று படியில் நின்று திருத்தினவர் அவர். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர்.

மனிதரைக் குறை சொல்லவும் முடியாது. பிழைப்பே அதுதான். விமானம் ஓட்டுகிற ஒவ்வொருவரும் லாக்புக் என்று ஒரு புத்தகம் வைத்திருக்கவேண்டுமாம். என்றைக்கு, எந்த விமானத்தில், எங்கிருந்து எங்கே, எத்தனை மணி எத்தனை நிமிஷம், கேப்டனாகவா அல்லது சும்மா கூடவா என்று ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி. எழுதினால் மட்டும் போதாது; எழுதினது நிஜம்தான் என்று அதிகாரம் உள்ள ஒருவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினால்தான் உத்தியோகம் கிடைக்கும். இந்தப் பக்கத்தில் அந்த அதிகாரம் உள்ளவர் நிமிஷம். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, விமானத்தின் சொந்தப் பதிவேட்டை ஒரு பக்கமும், கிளம்புமுன் கேப்டன் கையெழுத்துப் போடுகிற ஏட்டை மறுபக்கமும் விரித்துக்கொண்டு, ஸ்கேலை வைத்து வரி வரியாக இறங்குவார். மூன்றும் ஒத்துப்போனால் பச்சை மையில் ஒரு டிக். இல்லையென்றால் தலைகீழாக நின்றாலும் கிடையாது. பெரிய இடத்து மருமகன் ஒருவன் நாற்பது நிமிஷத்தைக் கூட்டி எழுதிக்கொண்டு வந்து, அந்த வரியில் கோடு வாங்கிக்கொண்டு போனான். அவன் கார் கிளம்பிய கோபத்தில் என் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது, அதனால் எனக்குத் தெரியும்.

அவரும் ஒரு காலத்தில் ஓட்டினவர்தான். காதுக்குள் ஏதோ கோளாறு, திடீரென்று தலை சுற்றும், அதனால் டாக்டர்கள் உரிமத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அதுமுதல் தரையில்தான். ஆனால் கடைசியாக ஓட்டின அந்த ஒரு பயணத்தை மட்டும் அவர் இறக்கி வைக்கவே இல்லை. புதிதாக யார் குடிவந்தாலும், மின்சாரம் போய் நாலு பேர் மொட்டை மாடியில் கூடினாலும், "நான் கடைசியா ஓட்டின அன்னிக்கு" என்று தொடங்கிவிடுவார். மழை விட்ட சாயங்காலம். ஆறு இரண்டாகப் பிரிகிற இடத்தில் வெயில் விழுந்து தண்ணீர் தகரம்போல மின்னியது. கீழே ஏதோ மாடியில் ஒரு பொம்பளை கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடியில் ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. இதை நான் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன் என்றால், பூச்சி வரும் இடத்தில் என் உதடு தானாக அசையும்.

வீட்டில் அவரும் அவருடைய அக்காவும்தான். தம்பிக்குப் பெண் பார்த்துப் பார்த்து அலுத்து, அந்த முயற்சியைக் கைவிட்டு, அவரைத் திட்டுவதை முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டவள். அவள் சமையலறை ஜன்னலும் என் சமையலறை ஜன்னலும் எதிரெதிரே; கையை நீட்டினால் கரண்டி மாற்றிக்கொள்ளலாம். கரண்டியைவிடச் செய்திதான் அதிகம் மாறியது என்பதை மறுக்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் ஒரு நாள் காலையில் அவரைத் தேடி ஒரு பெண் வந்தாள். நாற்பதைத் தொட்டிருப்பாள். கறுப்புக் கண்ணாடி, தோளில் துணிப்பை, பைக்குள் சதுரமாக ஏதோ. வெளியில் மேகமூட்டம், எதற்குக் கூலிங்கிளாஸ் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதோடு அவளுக்கும் பேர் வைத்தாகிவிட்டது.

நிமிஷம் கதவைத் திறந்தார். திறந்த கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். "உள்ள வரச் சொல்லேன்டா, மனுஷங்க கால் வலிக்காது?" என்று அக்கா குரல் கொடுத்த பிறகுதான் நகர்ந்தார். அவள் அவரை சார் என்றாள். அவர் அவளை நீங்க என்றார். அந்த சாரும் நீங்களும் புதுச்செருப்பு மாதிரி இரண்டு பேரையும் கடித்தது என்று அன்று மத்தியானமே ஜன்னல் வழியாக அக்கா எனக்குச் சொன்னாள்.

விஷயம் இதுதான். இரண்டு பேரும் ஒரே விமானப் பயிற்சிக் கழகத்தில் ஒன்றாகக் கற்றவர்கள். ஒரே சமயத்தில் உரிமம் வாங்கி, மணி சேர்ப்பதற்காகச் சில நாள் ஒரே விமானத்தை எடுத்துக்கொண்டு மாறி மாறி ஓட்டியவர்கள். நிமிஷம் என்று அவரை முதலில் கூப்பிட்டவளே இவள்தானாம். எங்கள் கட்டடம் தானாகக் கண்டுபிடித்ததாக இறுமாந்திருந்தது வீண். பிறகு அவருக்குக் காது போயிற்று, இவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. கட்டிக்கொண்டவனுக்கு மனைவி ஆகாயத்தில் இருப்பது பிடிக்கவில்லை. இறங்கினாள். கொஞ்ச வருஷத்தில் அவனுக்கு மனைவி தரையில் இருப்பதும் பிடிக்கவில்லை என்று ஆகி, கதை முடிந்தது. அதற்கப்புறம் இன்றுவரை விமான நிலையத்தில் ஒரு கவுண்ட்டரில் உட்கார்ந்து, மற்றவர்கள் பறப்பதற்குச் சீட்டு அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது எங்கோ தூரத்தில், தீவுகளுக்குத் தபாலும் மருந்தும் கொண்டுபோகிற ஒரு சின்னக் கம்பெனி அவளை எடுத்துக்கொள்கிறோம் என்கிறது. கேப்டனாக நூறு மணி நேரம் ஓட்டியதாக முத்திரை போட்ட புத்தகம் வேண்டும். மாதக் கடைசிக்குள் வேண்டும். கழகத்தை மூடிப் பல வருஷம் ஆயிற்று. அதன் ஏடுகளெல்லாம் மூட்டை மூட்டையாக நிமிஷத்தின் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது.

ஒரு புத்தகத்தைச் சரிபார்க்க அவருக்கு நாலைந்து நாள் போதும். இந்தப் புத்தகம் மட்டும் நகரவில்லை. அவள் வாரம் தவறாமல் வந்தாள். "இன்னும் ஒரு மூட்டை பாக்கணும்" என்றார். அடுத்த வாரம், "மை தீர்ந்துபோச்சு" என்றார். பச்சை மை தீர்ந்தால் தெருமுனைக் கடையில் கிடைக்காதா என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை, ஏனென்றால் அதற்குள் கட்டடம் முழுக்க வேறொரு நம்பிக்கை பரவியிருந்தது. அக்கா புதுக் கோப்பைகள் வாங்கினாள். நிமிஷம் சட்டையைத் தேய்த்துப் போட ஆரம்பித்தார். அவர்கள் வீட்டு வாசலில் யாரோ பூத்தொட்டி வைத்தார்கள். விசாரித்ததில் அது என் வீட்டுத் தொட்டி; என் வீட்டுக்காரர் வைத்த வேலை.

"கையெழுத்துப் போட்டா அவ போயிடுவா" என்றாள் அக்கா ஜன்னலில், பாத்திரம் துலக்கியபடி. "போடாத வரைக்கும் வருவா. நீயே சொல்லு, நான் போடச் சொல்லணுமா, வேண்டாங்கணுமா?"

பாதிக் கதையில் விளக்கை அணைக்கச் சொல்ல எனக்கும் மனசில்லை.

ஆனால் கூலிங்கிளாஸை ஒரு நாள் தனியாகப் பார்த்தேன். அவர்கள் வீடு பூட்டியிருந்தது, படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றினாள், கண்ணுக்குக் கீழே தூக்கம் இல்லாத கறுப்பு. எல்லா வரியும் சரியாகிவிட்டதாம், ஒரே ஒரு வரி நிற்கிறதாம். ஒரு மணி பத்து நிமிஷம். அதைச் சேர்த்தால் நூறைத் தாண்டுகிறது, எடுத்தால் நூறு இல்லை.

ஒரு மணி நேரம்தானே, ஒரு விமானத்தை எடுத்து இன்னொரு சுற்றுப் போய்விட்டு வந்தால் ஆச்சே என்று என் அறிவுக்கு எட்டியதைச் சொன்னேன். சிரித்தாள். காலாவதியான உரிமத்தோடு கேப்டனாக ஓட்ட விடமாட்டார்களாம். உரிமத்தைப் புதுப்பிக்க நூறு மணி முத்திரை வேண்டுமாம். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

"டிக்கெட் குடுக்கறப்ப எல்லார் கையையும் பாப்பேங்க்கா" என்றாள். "பைலட் யூனிஃபார்ம் போட்ட பொண்ணு யாராவது வந்தா, அவ கை ஒரு மாதிரி இருக்கும். அதை மட்டும் பாக்காம சீட்டைக் குடுத்துடுவேன்."

என் வாய் அன்று ஏனோ ஒன்றும் கிளறவில்லை. அது பெரிய விஷயம், வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

மாதக் கடைசிக்கு ஒரு வாரம் இருந்தபோது அந்த இழுத்தடிப்பு உடைந்தது. முற்பகல். நான் ஜன்னலருகே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், அக்கா எதிர் ஜன்னலில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு துலக்கினதையே துலக்கிக்கொண்டிருந்தாள். மேஜை, சமையலறைக்கு இரண்டு எட்டுத் தள்ளி. கூலிங்கிளாஸின் குரல் உயரவில்லை, ஆனால் சார் போய்விட்டது.

"நிமிஷம், அந்த வரி ஏட்டோட ஒத்துவரலைன்னா அடிச்சிடுங்க. நான் போய்ப் பழையபடி சீட்டு அச்சடிக்கிறேன். டீ குடுத்துக் குடுத்து உக்கார வைக்காதீங்க."

அக்கா குழாயை மூடினாள்.

"அன்னிக்கு ஓட்டினது யாரு? அதை மட்டும் சொல்லுங்க."

"நீதான்" என்றார் அவர். நீங்களும் போய்விட்டது.

"அப்ப ஏட்டுல ஏன் உங்க கையெழுத்து?"

அதன் பிறகு அவர் சொன்னதை முழுசாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்களுக்கெல்லாம் காலடியில் தரை கொஞ்சம் நகர்ந்தது. கிளம்புமுன் கேப்டன் என்று ஏட்டில் கையெழுத்துப் போட்டவர் அவர். கேப்டன் உட்காருவது இடது பக்கத்துச் சீட்டு. விமானத்துக்குப் பக்கத்தில் போன பிறகு, என்ஜின் கிளப்புமுன், நீ இடது பக்கம் உட்கார் என்று அவளிடம் சொல்லிவிட்டு, இவர் சுற்றிக்கொண்டுபோய் வலது பக்கம் ஏறிக்கொண்டார். திரும்பிப் போய் ஏட்டைத் திருத்தவில்லை. போய்விட்டு இறங்கியதும், உன் புத்தகத்தில் கேப்டன் என்றே எழுதிக்கொள் என்றார். அவள் எழுதிக்கொண்டாள். அன்றைக்கே இவரும் தன் புத்தகத்தில் அதே ஒரு மணி பத்து நிமிஷத்தைக் கேப்டன் என்று எழுதிவிட்டார். ஒரே உறையில் இரண்டு கத்தி. அடுத்தவன் புத்தகத்தில் ஆறு நிமிஷம் பிசகினால் அடிக்கிறவரின் சொந்தப் புத்தகத்தில், கடைசி வரியே பொய்.

என் கத்தி காயின் நடுவில் நின்றுவிட்டது. ஆறு, தகரம், துணி எடுத்த பொம்பளை, பூச்சி. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னால் பிரேக், கியர், குறுக்கே வந்த லாரி, லாரிக்காரனின் பரம்பரை என்று போகும். ஜன்னலுக்கு வெளியில் என்ன இருந்தது என்று கேட்டால் முழிப்பார். நிமிஷத்தின் கதையில் ஒரு தடவைகூடக் கை வந்ததில்லை. அத்தனையும் ஜன்னல். இத்தனை வருஷம் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. மூக்கு நீளமாக இருந்து என்ன பிரயோஜனம்.

"எனக்கும் எழுதிக்கச் சொல்லிட்டு, நீங்களும் ஏன் எழுதினீங்க?"

"அன்னிக்குக் காலையில டாக்டர் ரிப்போர்ட் வந்திருந்தது. இனிமே கிடையாதுன்னு தெரியும். கடைசி வரியில பயணின்னு எழுதக் கை வரலை."

அவள் டீக் கோப்பையைத் தள்ளி வைத்த சத்தம் கேட்டது.

"தெரிஞ்சா என்னை ஓட்டச் சொன்னீங்க? கடைசித் தடவைன்னு தெரிஞ்சு?"

"ஓட்டறவனுக்குப் பாக்க நேரம் இருக்காது. அன்னிக்கு நல்லாப் பாத்துக்கணும்னு தோணிச்சு."

"எதை?"

நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவள் கையிலிருந்த ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. அத்தனை வருஷம், அத்தனை பெண் பார்த்த அலைச்சல், புதுக் கோப்பை, என் பூத்தொட்டி எல்லாம் அந்த ஒரு பதிலுக்காகக் காத்திருந்தன.

"ஆத்தை" என்றார் நிமிஷம்.

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஆறாம்ல ஆறு" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள். "இவனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண."

மேஜைப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. அலமாரி திறந்தது. அவர் தன்னுடைய லாக்புக்கைக் கொண்டுவந்து அவள் எதிரே வைத்ததை அக்கா எட்டிப் பார்த்துச் சொன்னாள். அந்தத் தொழிலில் எழுதினதை அழிக்கக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது. படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போடவேண்டும். ஸ்கேலை வைத்தார். ஸ்கேல் வைக்காமல் கோடு போடத் தெரியாதவர். வைத்தவர் எடுக்க நேரமாயிற்று. பிறகு கோடு விழுந்தது. கேப்டன் என்ற இடத்தில் பயணி. கடைசி வரி என்பதால் திருத்த வேண்டிய கூட்டல் ஒன்றே ஒன்று.

நிமிஷம் ஓட்டின கடைசிப் பயணம் அந்தக் கணத்தில் அதற்கு முந்தின வரிக்குப் போயிற்று. ஏதோ ஒரு மேகமூட்டமான காலை. ஓடுதளத்தைச் சுற்றியே ஏறி இறங்கிய பயிற்சி. ஆறும் இல்லை, பூச்சியும் இல்லை.

தான் முன்பு எழுதினது தவறு, அன்று விமானத்தை நடத்தியது இன்னார், சீட்டு மாற்றியது புறப்படுவதற்கு முன்பே, ஏட்டைத் திருத்தாதது தன் பிழை என்று மேலிடத்துக்கும் எழுதிப் போட்டார். உத்தியோகம் போய்விடும் என்று அக்கா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. நாலாம் நாளே மேலிடத்திலிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது: கடிதம் கிடைத்தது, திருத்தம் ஏற்கப்படுகிறது. மனுஷன் நெஞ்சைப் பிளந்து காட்டினால் அதற்கும் ஒரு வரிசை எண் போட்டுக் கோப்பில் செருகுகிற இடம் அது.

அவள் கடைசியாக வந்த அன்று அவள் புத்தகத்தில் அந்த வரிக்கு டிக் போட்டார். மை இருந்தது; தீரவே இல்லை. எல்லாப் பக்கமும் சரிபார்க்கப்பட்டது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஊதிக் குத்தினார். அவள் மை காயும்வரை புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். முத்திரை மை காய அவ்வளவு நேரம் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். அக்காதான் அங்கே குளிரா வெயிலா, சாப்பாடு எப்படி, தனி வீடு தருவார்களா என்று கேட்டுத் தீர்த்தாள்.

வாசலில் செருப்புப் போடும்போது மட்டும் அவள் கேட்டாள். "நீங்க ஒரு தடவை அங்க வரலாமே. பயணியா."

"காது ஒத்துக்காது" என்றார் அவர். "அழுத்தம் மாறினா சுத்தும்."

"சரி" என்றாள். இறங்கும்போது கூலிங்கிளாஸை எடுத்துப் போட்டுக்கொண்டாள். எங்கள் மாடிப்படியில் ஏது வெயில்? பல்பே பாதி நாள் எரியாது.

அவள் போன பிறகு அக்கா அவரிடம் எட்டு நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாள் பேசினது, "கையெழுத்துப் போட்டிருக்கவே கூடாது" என்று. கொஞ்ச நேரம் கழித்து, "போடாம இருந்திருந்தா உன்னைப் பெத்த வயிறே மன்னிச்சிருக்காது" என்றும் சொன்னாளாம். இரண்டில் எது தீர்ப்பு என்று நானும் கேட்கவில்லை. என் பூத்தொட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். செடி அங்கே நன்றாகத்தான் வளர்ந்திருந்தது.

தீவுகளிலிருந்து ஒரு போட்டோ வந்தது. சின்ன விமானம், பக்கத்தில் அவள், கையில் தபால் பை. இடது பக்கத்துக் கதவில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். அக்கா அதைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். நிமிஷம் தண்ணீர் எடுக்கிற சாக்கில் அந்த பிரிட்ஜை ஒரு நாளைக்கு எத்தனை தரம் திறக்கிறார் என்று அவள் எண்ண ஆரம்பித்து, பிறகு விட்டுவிட்டாள்.

போன வாரம் மின்சாரம் போயிற்று. சாயங்காலம், எல்லோரும் மொட்டை மாடியில். கீழ்வீட்டுக்குப் புதிதாக வந்த பல் டாக்டருக்கு விவரம் தெரியாது. "நீங்க விமானம் ஓட்டுவீங்களாமே சார், கடைசியா எப்ப ஓட்டினீங்க?" என்று கேட்டுவிட்டார். என் வீட்டுக்காரர்கூட இருமலை விழுங்கினார்.

"ஒரு காலை நேரம்" என்றார் நிமிஷம். "மேகமா இருந்தது. ஏறினேன், இறங்கினேன். சொல்ல ஒண்ணும் இல்லை."

பல் டாக்டர் ஏமாந்துதான் போனார். அவர் வேறு பக்கம் திரும்பப்போனபோது நிமிஷம் தொண்டையைச் செருமினார்.

"அதுக்கப்புறம் ஒரு தடவை பயணியா போனேன்."

ஆறு வந்தது. தகரம் வந்தது. துணி எடுத்த பொம்பளை நிமிர்ந்து பார்த்தாள். பூச்சி ஒட்டிக்கொண்டு வந்தது. என் உதடு அசைந்தது. அதோடு முடியும் என்று நினைத்து நான் எழுந்து சேலையைத் தட்டினேன். முடியவில்லை. ஓட்டினவள் காதில் சின்னதாக ஒரு கல் தோடு என்றார். அவள் தலையைத் திருப்பும்போதெல்லாம் வெயில் அதில் பட்டு, எதிரே இருந்த கருவிகள் மேல் ஒரு வெளிச்சப் புள்ளி ஓடியது. உயரம் காட்டுகிற முள்ளின் மேல் ஓடியது, திசை காட்டுகிறதன் மேல் ஓடியது, ஒரு தரம் இவருடைய சட்டைக் கை மேல் வந்து நின்றது.

நான் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். அக்கா இருட்டில் மூக்கை உறிஞ்சினாள், சளி என்றாள்.

"எவ்வளவு நேரம் பறந்தீங்க?" என்று கேட்டார் பல் டாக்டர்.

ஒரு மணி பத்து நிமிஷம். எங்கள் கட்டடத்தில் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். நாங்கள் அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தோம்.

"தெரியலைங்க" என்றார் நிமிஷம். "அன்னிக்கு நேரம் பாக்கலை."